செட்டிநாட்டில் ஊர் மக்களே நடத்தும் நடைப்பாதைச் சுற்றுலா: எதை நம்பித் தொடங்கலாம்?

கானாடுகாத்தானுக்கும் திருமயத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அக்கம்பக்கத்து ஊர்களை ஒரு நடைப்பாதையாக இணைத்து, ஊர் மக்களே சுற்றுலா நடத்த முடியுமா? பெரிய வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஊரில், வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? மேலோட்டமாகப் பார்த்தால் இது சுற்றுலாவைப் பற்றிய கேள்விதான். ஆனால் அவர் எழுதியிருப்பதை நிதானமாகப் படித்தால், தமக்குச் சொந்தமில்லாத மாளிகைகளை நம்பி, அந்த மாளிகைகளின் நிழலில் குடியிருக்கும் மக்கள் ஒரு பிழைப்பை அமைத்துக்கொள்ள முடியுமா, அமைத்துக்கொள்வது முறையா என்பதே அவர் மனத்தில் உள்ள கேள்வி என்று தெரிகிறது. மரபுக் கட்டடப் பாதுகாப்பில் பயிற்சி பெற்று, இந்தப் பகுதியின் வீடுகளை அளந்து வரைபடமாக்கும் வேலையிலும் ஊரணி (ஊர்க் குடிநீர்க் குளம்) சீரமைப்பிலும் பல ஆண்டுகள் ஈடுபட்டவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். சட்டமும் வரிக் கணக்கும் என் துறை அல்ல. அவை குறுக்கிடும் இடங்களில் நான் சொல்வதைத் தொடக்கத் தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டு, உரியவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நடத்த முடியும் என்பதே என் பதில். ஆனால் வீடுகளை நம்பித் தொடங்கக் கூடாது. ஊருக்குப் பொதுவாக உள்ள ஊரணி, கண்மாய், அய்யனார் கோயில், கோட்டை, தொழிற்கூடம், சமையற்கட்டு ஆகியவற்றை வைத்துப் பாதையை அமையுங்கள். வீடு அந்தப் பாதையில் கிடைத்தால் கிடைக்கும் ஒரு நிறுத்தமாக இருக்கட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த மாளிகைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 1850 முதல் 1940-கள் வரை, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் ஆகிய இடங்களில் நடத்திய வட்டித் தொழிலிலும் வணிகத்திலும் ஈட்டிய பணத்தில் எழுந்தவை. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்தபோது கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930 இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நிலப்பங்கு 1937 வாக்கில் கால் பங்காயிற்று. கையிலிருந்த பணமெல்லாம் நிலமாக முடங்கிய அந்த நேரத்தில் 1942 இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. பர்மா விடுதலை பெற்றபின் வந்த நில உரிமைச் சட்டங்கள் மிச்சத்தையும் கொண்டுபோயின. வீடு கட்டிய பணம் வந்த வழி அடைபட்டதும், பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் வெளிநாடுகளுக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள், வீடுகள் பூட்டப்பட்டன. தொண்ணூற்றாறு ஊர்கள் என்று மரபாகச் சொல்லப்பட்ட செட்டிநாடு இன்று எழுபத்தைந்து ஊர்கள் அளவில் சுருங்கியிருப்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

பூட்டப்பட்ட வீடு யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வீட்டின் அமைப்பே அதற்கு விடை சொல்லும். முன்தெருவில் திண்ணையும் முகப்பும், அதைத் தாண்டி வளவு என்கிற பெரிய முற்றம், பிறகு இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின்தெரு வரை நீளும் இந்த வீட்டில், வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கு உரியவை. தாத்தா காலத்தில் நான்கு மகன்களுக்குரிய பங்கு, பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில் ஐம்பது, அறுபது பேரின் பங்காகப் பெருகியிருக்கும். சாவியை வைத்திருப்பவர் வீட்டைப் பார்த்துக்கொள்பவரே ஒழிய, உரிமையாளர் அல்லர். அவர் தம் பழக்கத்துக்காக உங்களுக்குக் கதவைத் திறந்துவிடலாம். சிங்கப்பூரிலுள்ள ஒரு பங்காளி அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு மறுநாளே தடுத்துவிடலாம், அந்த ஏழைக் காவல்காரரின் வேலையும் போகலாம். திருமணமோ படைப்போ (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) வந்தால் வீடு முழுக்கக் குடும்பத்தாருக்குத்தான் வேண்டும். ஆகவே ஒரு குறிப்பிட்ட வீட்டை அச்சாணியாக வைத்து நீங்கள் அமைக்கும் பாதை, அந்த வீட்டின் பங்காளிகளுக்குள் ஒருவர் மனம் மாறினாலே நின்றுவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் தூண்களையும் நிலைக்கதவுகளையும் பார்த்தவர்களுக்கு, இன்று நிற்கும் வீடு அடுத்த ஆண்டும் நிற்கும் என்ற உறுதி இல்லை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் எந்த வீட்டையும் இடிக்கக் கூடாது என்ற சட்டத் தடை ஏற்பட்டுவிடுவதில்லை. இதை அறியாமல் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இப்போது ஊரணிக்கு வருகிறேன். என் கருத்தில் செட்டிநாட்டின் மிகச் சிறந்த கட்டுமானம் ஊரணிதான். செம்மண்ணும் செம்பூரான் கல்லுமான இந்த மேட்டு நிலத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையைப் பிடித்துவைத்துத்தான் இங்கே ஆயிரக்கணக்கான மக்கள் வாழ்ந்தார்கள். பாசனத்துக்குக் கண்மாய், குடிநீருக்கு ஊரணி என்று பிரித்து வைத்திருந்தார்கள். வீட்டின் ஓட்டுக்கூரையில் விழும் நீர் முற்றத்தின் மூலைகளில் இறங்கி அண்டாக்களில் பிடிக்கப்படும். மீதி நீர் வீட்டிலிருந்து தெரு வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து ஊரின் சரிவைப் பின்பற்றிக் குளங்களுக்கும் போகும். நேர்நேராக அமைந்த தெருக்களைப் பார்த்து அழகு என்று சொல்லும் பயணிகள், அந்தத் தெருக்கள் தண்ணீர் போக வேண்டிய திசையறிந்து போடப்பட்டவை என்பதைக் கவனிப்பதில்லை. உங்கள் ஊர் ஊரணியின் வரத்துக்கால் வாயில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். நீர் நேராக ஊரணிக்குள் விழாமல், முதலில் ஒரு சிறு பள்ளத்தில் தேங்கி, வண்டலை அங்கேயே விட்டுவிட்டு, தெளிந்த மேல்நீர் மட்டும் உள்ளே செல்லும்படி பல இடங்களில் அமைத்திருப்பார்கள். படிக்கற்களில் குடம் வைத்து வைத்துத் தேய்ந்த குழிகள் தெரியும். எந்தக் கரையில் கால்நடையை இறக்கலாம், எதில் கூடாது என்ற கட்டுப்பாட்டை நினைவில் வைத்திருக்கும் ஒரு பாட்டி உங்கள் ஊரில் இன்னும் இருப்பார். அவர் ஒரு மணி நேரம் பேசினால் போதும், எந்த மாளிகையின் கண்ணாடியும் அதற்கு ஈடாகாது. இதைக் காட்ட யாருடைய சாவியும் வேண்டியதில்லை. ஊராட்சியின் பொறுப்பில் உள்ள நீர்நிலை என்பதால், வருகிற பணத்தில் ஒரு பகுதியை அதன் தூர்வாரலுக்கே செலவிடவும் வழி இருக்கிறது.

பாதை எப்படிச் செல்லலாம் என்று கேட்டால், திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு வரும் இருப்புப்பாதையை முதுகெலும்பாகக் கொள்ளுங்கள் என்பேன். புதுக்கோட்டைக்குத் தெற்கே நமணசமுத்திரம், திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. ஒரு நிலையத்தில் இறங்கி, ஊர்களின் வழியே நடந்து, அடுத்த நிலையத்தில் ஏறிக்கொள்ளும்படி பாதையை வகுத்தால், கார் வைத்திருப்பவர்களுக்காக மட்டும் நடத்தும் சுற்றுலாவாக அது ஆகாது. எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. ஆகவே நடப்பில் உள்ள கால அட்டவணையை வைத்துத்தான் நடையின் தொடக்க நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயிலுக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தப்பட்ட சுடுமண் குதிரைகளின் வரிசை இருக்கிறது. மண்பாண்டம் வனையும் வேளார்கள் செய்து, புரவி எடுப்பு விழாவில் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தும் இந்தக் குதிரைகள் நேர்ந்துகொண்டவர்களின் வழிபாட்டுப் பொருள்கள்; பழையவை உடைந்து சரிந்து கிடந்தாலும் அவற்றின் மேல் ஏறிப் படமெடுக்க விடக் கூடாது. திருமயத்தில் மலையைச் சுற்றிய கோட்டை இருக்கிறது. 1687 இல் கிழவன் சேதுபதி காலத்தில் கட்டப்பட்டதாக ஏற்கப்பட்டிருக்கும் அந்தக் கோட்டை இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கோட்டையைவிட நான் பெரிதாக மதிப்பது அதன் அடிவாரத்துக் குடைவரைகளை (பாறையைக் குடைந்து அமைத்த கோயில்களை). ஒரே மலையில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அருகருகே இருக்க, வருவாயை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று இரு தரப்புக்கும் நீண்ட காலமாக இருந்த வழக்கு, 1245 இல் ஹொய்சளத் தண்டநாயகர் (படைத்தலைவர்) ஒருவரின் முன்னிலையில் பேசித் தீர்க்கப்பட்டு, பங்கீடு கல்லில் வெட்டப்பட்டது. வருமானத்தைப் பங்கிடப் போகும் உங்கள் குழு முழுவதும் ஒரு முறை அந்தக் கல்வெட்டின் முன் நின்றுவிட்டு வரலாம்.

திருமயத்துக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையே நடப்பவர்கள் ஒரு பழைய எல்லையையும் கடக்கிறார்கள். திருமயமும் கடியாபட்டியும் 1948 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தவை. கானாடுகாத்தான் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது, 1985 இல்தான் சிவகங்கை தனி மாவட்டமாயிற்று. இன்றும் உங்கள் பாதை இரண்டு மாவட்டங்களில் விழும் என்பதால், இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் இரண்டு சுற்றுலா அலுவலர்களுக்கும் மனுக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானில் 1912 இல் எழுந்த அரண்மனையைத் தெருவிலிருந்து பார்க்கலாம். செட்டிநாடு நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருப்பது வெளியூரார் பலருக்குத் தெரியாது. கோட்டையூரில், வாழ்நாள் முழுதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் சேர்த்துவைத்த ரோஜா முத்தையாவின் நினைவு இருக்கிறது. 1992 இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பே சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. பாதையை மேற்கே நீட்ட விரும்பினால் சிராவயலைச் சேருங்கள். மஞ்சுவிரட்டுக்குப் பெயர்போன அந்த ஊரில் ஆசிரமம் நடத்திவந்த, பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவானந்தத்தை 1927 இல் காந்தி சந்தித்தார்.

நடப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்காக நகரத்தார் குன்றக்குடியில் கூடிக் காவடியுடன் பழனிக்கு நடக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. வழியெல்லாம் விடுதி, மோர்ப்பந்தல், அன்னதானம், மாட்டுவண்டியில் சாமான் என்று, கூட்டமாக நடப்பவர்களைப் பேணும் முழு ஏற்பாட்டையும் இந்தச் சமூகமும் வழியிலுள்ள ஊர்களும் கைவசம் வைத்திருக்கின்றன. எத்தனை மைலுக்கு ஒரு நிறுத்தம், எங்கே நிழல், எங்கே நல்ல தண்ணீர் என்பதை ஆலோசகர் யாரையும் அழைத்துக் கேட்பதற்கு முன், பாதயாத்திரையில் பல முறை போய்வந்த உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

தொழிற்கூடங்களைப் பற்றி ஒரு சொல். ஆத்தங்குடி இந்தப் பாதைக்குச் சற்று விலகி இருக்கிறது, வண்டியில்தான் போக வேண்டும். ஆனாலும் விடக் கூடாது. அங்கே கையால் செய்யும் தரைக்கல் (டைல்) ஒன்று உருவாவதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை செய்த உலோக அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணறையிலும் அதற்குரிய வண்ணச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். கை நடுங்காமல் அச்சைத் தூக்கியதும், வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமென்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி ஈரத்தை இழுத்துக்கொள்ளச் செய்து, பிறகு ஈரக் கலவையை நிரப்பி அழுத்தி மட்டம் செய்வார்கள். அடுத்து நீர்த்தொட்டியில் சில நாள் ஊறல், பிறகு உலர்த்தல். சூளை கிடையாது. கண்ணாடியைப் பிரித்தெடுத்தால் அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் ஒட்டியிருக்கும். இதைச் செய்பவர் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை பார்ப்பவராக இருந்தால், பத்துப் பேர் சூழ்ந்து நின்று கேள்வி கேட்கும் ஒவ்வொரு அரைமணியும் அவருடைய கூலியில் குறையும். ஆகவே பட்டறை உரிமையாளருக்கு நன்றி சொல்லிவிட்டு வருவது போதாது. வேலை செய்யும் கைக்கு அந்த நேரத்துக்கான தொகையை நேரே கொடுக்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னும் பெண்களுக்கும், 2019 இல் அந்தக் குறியீடு கிடைத்த கண்டாங்கிச் சேலை நெய்பவர்களுக்கும் இதே விதிதான். பொருள் வாங்குவது பயணியின் விருப்பம். நேரத்துக்குக் கூலி கொடுப்பது உங்கள் கடமை.

சாப்பாட்டில் ஒரு பொதுவான மயக்கம் இருக்கிறது. நட்சத்திர விடுதிகள் வாழையிலையில் இருபது வகை பரிமாறுவதைப் பார்த்துவிட்டு, ஊர்ச் சமையலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது கல்யாண விருந்து. அதற்கென்று சமையற்காரர் கூட்டம் வேண்டும். நடந்து களைத்து வருபவருக்குக் காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், மதியம் சோறும் ஒரு குழம்பும் ஒரு மண்டியும் (அரிசி கழுவிய நீரில் செய்யும் காய்), மாலையில் கும்மாயம் என்ற இனிப்போ கவுனி அரிசியோ கொடுத்தால் மனம் நிறைந்து போவார். எந்த வீட்டில் எது நன்றாக வருமோ அதை அந்த வீட்டுக்கே விட்டுவிடுங்கள். நகரத்தார் பலகாரம் மட்டும்தான் செட்டிநாட்டுச் சமையல் என்று எண்ணாமல், உங்கள் ஊரில் குடியிருக்கும் மற்றவர்களின் அடுப்பில் வேகும் கேப்பைக் களியும் கண்மாய் மீன்குழம்பும் பட்டியலில் இடம்பெறட்டும். பொறுப்பை மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிடமோ ஒப்படைப்பது நல்லது. அவர்களுக்கு வங்கிக் கணக்கும் பதிவேடு எழுதும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன.

இனி கடினமான பகுதி. ‘ஊர் மக்களே நடத்துவது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் மக்கள் என்பவர் யார் என்று குழுவுக்குள் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். வீட்டின் உரிமையாளர்கள் ஊரில் இல்லை. இருப்பவர்கள் பல சாதியினர், சில ஊர்களில் இஸ்லாமியரும் கிறித்தவரும். கொத்தனார், ஆசாரி, வேளார், வெட்டியான், மாடு மேய்த்தவர், வீட்டு வேலை செய்தவர் என்று, அந்த மாளிகைகளைக் கட்டியவர்களின், துடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஊரணி பொது என்று மேலே எழுதினேன். அது எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. 1930-31 இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் என்ன உடுத்தலாம், எந்தப் பாத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்பது வரை விதிக்கப்பட்ட தடைகள் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையிலேயே பதிவாகியிருக்கின்றன. படிக்கட்டின் அழகைச் சொல்லும் வழிகாட்டி, அந்தப் படியில் யார் இறங்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடைமுறையில் இதன் பொருள், பாதை காலனி வழியாகவும் செல்ல வேண்டும், வழிகாட்டிகளிலும் சமைப்பவர்களிலும் அங்குள்ளவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் வீட்டில் சாப்பிட மறுக்கும் குழுவை அழைத்துவரக் கூடாது என்பதே. இதில் ஊருக்குள் எதிர்ப்பு வந்தால், வந்த பிறகு சமாளிக்கலாம் என்று தள்ளிப்போடாமல், பேசி முடிவு எட்டும் வரை தொடங்காமல் இருப்பதே மேல்.

வழிகாட்டிகள் சொல்லும் வரலாற்றில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்பதைப் பயிற்சியின்போதே பிரித்துக் கொடுங்கள். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது உறுதியான வரலாறு. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து இளையாற்றங்குடியில் தொடங்கி ஒன்பது கோயில்களாகப் பிரிந்தார்கள் என்பது அவர்களே வழிவழியாகப் போற்றும் மரபு. அதை மரபு என்ற சொல்லோடு சொல்வதில் தவறில்லை, ஆண்டு குறித்துச் சத்தியம் செய்வதுதான் தவறு. அவர்களுடைய பழனி அறக்கட்டளைகளைப் பற்றிய பட்டயங்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன என்பது வேறு வகைச் சான்று. பிள்ளையார்பட்டிக் குடைவரையில் பெருந்தச்சன் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. அதன் எழுத்தமைதியை வைத்து அதன் காலத்தை வெவ்வேறு அறிஞர் வெவ்வேறு நூற்றாண்டாகக் கணித்திருக்கிறார்கள், ஆகவே ‘தமிழகத்தின் முதல் குடைவரை’ என்று அடித்துச் சொல்ல வேண்டாம். வீட்டுச் சுவர் முழுவதும் முட்டை வெண்கருவால் கட்டியது என்பார்கள். அது சரியல்ல. சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பல அடுக்குப் பூச்சுகளின் கடைசியில், பளபளப்புக்கான மெல்லிய பூச்சில்தான் வெண்கரு சேரும். அந்தத் திறமையே வியப்புக்குரியது, மிகைப்படுத்தத் தேவையில்லை. சுவரோடுகளும் கண்ணாடிகளும் எந்த நாட்டவை என்ற கேள்விக்கு, சுவரோட்டின் பின்புறமோ இரும்பு உத்திரத்திலோ அச்சிட்ட பெயர் தெரிந்தால் அதைக் காட்டுங்கள். தெரியாத இடத்தில் ‘வெளிநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூட்டிய வீட்டுப் புதையல் கதைகளை எக்காரணம் கொண்டும் சொல்ல வேண்டாம். அவை திருடர்களைத்தான் வரவழைக்கும்.

பணத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. முறைகளில் வேறுபாடு இருக்கலாம், ஆனால் கணக்கு மறைவாக இருந்த குழு எதுவும் நிலைத்ததை நான் பார்த்ததில்லை. வணிகர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் பொதுக் காரியத்துக்கு மகமை எடுத்துவைத்த மண் இது. அதே போல, ஒவ்வொரு பயணியின் தொகையிலிருந்தும் ஊருக்கென்று ஒரு பங்கை முதலிலேயே பிரித்துவிடுங்கள். வழிகாட்டி, சமைத்தவர், கைவினைஞர் ஆகியோர் பங்கு அன்றன்றே அவரவர் கைக்குப் போகட்டும். மகமை மட்டும் தனி வங்கிக் கணக்கில் சேர்ந்து, ஊரணித் தூர்வாரலுக்கோ அய்யனார் கோயில் காட்டின் வேலிக்கோ செலவாகட்டும். வரவுசெலவை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கிராம சபையில் படியுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் சபை எப்படியும் கூடும். நடைச் சுற்றுலாவே ஒரு குடும்பத்தின் முழு வருமானமாகிவிடும் என்று யாரிடமும் சொல்லிச் சேர்க்காதீர்கள். விவசாயமும் கூலியும் இருக்க, அதன் மேல் சேரும் துணை வருமானம் என்ற அளவில் பேசினால் ஏமாற்றம் வராது. வெளியூர் நிறுவனம் ஒன்று மொத்தமாக ஆள் அனுப்புகிறேன், எங்களுக்கு மட்டும் நடத்துங்கள் என்று கேட்டால், முதல் ஆண்டிலேயே அப்படி ஒப்பந்தம் போட வேண்டாம்.

விதிமுறைகளில் சிலவற்றைத் தவிர்க்க முடியாது. வீட்டில் தங்கவைப்பதானால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், ஆறு அறைக்கு மேல் கூடாது. பூட்டிய மாளிகையை அந்த வகையில் பதிவு செய்ய முடியாமல் போவதும், நீங்கள் குடியிருக்கும் ஓட்டு வீடு அதற்குப் பொருந்துவதும் இதனால்தான். வெளிநாட்டவர் இரவு தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு முறை விட்டாலும் சிக்கல்தான். சமைத்துப் பரிமாறுபவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கோயில்களுக்குள் படமெடுப்பதும், கோட்டைமேல் ட்ரோன் பறக்கவிடுவதும் அனுமதி இல்லாமல் கூடாது.

காலம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மார்கழி, தை, மாசி மாதங்களே நடக்க ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை குறுக்கிடும், ஆனால் ஊரணிக்குள் நீர் வருவதைக் காண அதைவிட நல்ல நேரம் இல்லை. சித்திரை, வைகாசியில் நடத்தவே வேண்டாம். நிழலில்லாத செம்மண் வழியில் காலை ஒன்பது மணிக்கே வெயில் ஆளைச் சாய்த்துவிடும். ஒரு நாளைக்கு எட்டு கி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள், பாதியை விடியற்காலையிலும் மீதியை மாலையிலும் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த மழைக்காலத்திலேயே ஊரிலுள்ள இளைஞர் நான்கு பேரும் மூத்தவர் இருவரும் சேர்ந்து, வரத்துக்கால்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று நடந்து ஒரு தாளில் வரைந்துவிடுங்கள்; அடைபட்ட இடங்களையும் ஆக்கிரமித்த இடங்களையும் குறித்துவையுங்கள். அந்த வரைபடம்தான் உங்கள் நடைப்பாதையின் முதல் வடிவம். மார்கழியில் முதல் நடைக்கு வெளியூராரை அழைக்க வேண்டாம்; பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டணமின்றி அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் கேள்வி கேட்டார்கள், எந்த இடத்தில் கால் வலிக்கிறது என்றார்கள் என்பதைக் குறித்துவைத்து, அதற்கேற்ப நிறுத்தங்களை மாற்றிக்கொண்டு, தை பிறந்ததும் கட்டணம் வாங்கத் தொடங்கலாம். வரைபடம் தயாரானதும் இங்கே பகிருங்கள். ஊரணிகளின் மட்டமும் சரிவும் பற்றி என்னால் ஆனதைப் பார்த்துச் சொல்கிறேன்.